விழிஞ்ஞமும் நிக்கோபாரும்: இடையே ஓர் இலைமூக்கு வௌவால்

திருவனந்தபுரம்: உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களுள் ஒன்றான எம்.எஸ்.சி. இரினா, 2025 ஜூன் 9-ஆம் தேதி விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நின்றது. 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டகங்களைச் சுமக்கவல்ல அக்கப்பல், இந்தியக் கரையைத் தொட்டதையே ஒரு வெற்றியாகக் கேரள அரசும் மத்திய அரசும் கொண்டாடின. இதுநாள்வரை கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி ஏற்றப்பட்ட இந்தியச் சரக்கு, இனி இந்திய மண்ணிலேயே கைமாறும் என்பதே அந்தக் கொண்டாட்டத்தின் பொருள்.

அதே விழிஞ்ஞத்திலிருந்து நேர் கிழக்கே ஏறத்தாழ 1,900 கி.மீ. தொலைவில், கிரேட் நிக்கோபார் தீவின் கலத்தியா விரிகுடாவில், அதே காரணத்தைச் சொல்லி மற்றொரு சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அந்தத் திட்டத்தைப் பற்றி நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் எழுந்த விவாதங்களில் தோல்முதுகு ஆமையின் பெயர் அடிபட்டது. நிக்கோபார் மேட்டுக்கோழியின் பெயர் அடிபட்டது. ஷோம்பென் பழங்குடியினரின் நிலை குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது. அவை யாவும் நியாயமான கவலைகளே. ஆனால், நிக்கோபார் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிரினத்தின் பெயர் அந்த விவாதங்களில் ஏறத்தாழ ஒலிக்கவே இல்லை. அது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு வௌவால். நிக்கோபார் இலைமூக்கு வௌவால் எனலாம்; அறிவியல் உலகம் அதை ஹிப்போசிடரோஸ் நிக்கோபாருலே என்று அழைக்கிறது.

மூக்கின்மேல் ஓர் இலை

வௌவால் என்றதும் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னிகளே நம் நினைவுக்கு வருகின்றன. இலைமூக்கு வௌவால்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவையல்ல. பழத்தை அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பூச்சிகளே அவற்றின் உணவு. பெரும்பாலான பூச்சியுண்ணி வௌவால்கள் வாயைத் திறந்து மீயொலி எழுப்பும்போது, இவை நாசித் துளைகள் வழியாக ஒலியை வெளியிடுகின்றன. அந்த ஒலியைக் குவித்துச் செலுத்துவதற்காக மூக்கைச் சுற்றி இலை மடிப்புபோலத் தசைத் தோல் அமைந்துள்ளது. எதிரொலியைச் செவியால் வாங்கி, இருளில் பறக்கும் பூச்சியின் இருப்பிடம், வேகம், ஏன், அதன் இறக்கை அசைவைக்கூட இவை கணித்துவிடுகின்றன.

தமிழகத்துக்கு இவை புதியவை அல்ல. இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றவற்றுள் ஒன்றான ஹிப்போசிடரோஸ் ஸ்பியோரிஸ், 1800-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். டேனிஷ்காரர்களின் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பழைய கோயில்களின் இருண்ட மண்டபங்களில், மூக்கைத் துளைக்கும் நெடியுடன் கொத்துக் கொத்தாகத் தொங்கும் சிறு வௌவால்களில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவையே. கோயில் கட்டடக் கலையில் "வௌவால் நெற்றி மண்டபம்" என்றே ஓர் அமைப்புக்குப் பெயர் சூட்டிய ஊர் நம்முடையது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் அவர்தம் குழுவினரும் இதே ஸ்பியோரிஸ் வௌவாலைக் கொண்டு நடத்திய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. சூரிய ஒளியே புகாத குகைக்குள் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவாலுக்கு, வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்பதே அவர்களின் கேள்வி. குகையிலுள்ள சக வௌவால்கள் மாலையில் புறப்படுவதையும் விடியலில் திரும்புவதையும் உணர்ந்தே, அடைபட்ட வௌவால் தன் உடற் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது என்பது விடை. சக வௌவால்கள் இல்லாத குகையில் அதே வௌவாலின் கடிகாரம் பிசகிவிட்டது. 1981-இல் வெளியான இந்த முடிவு, காலவுயிரியல் துறையில் சமூக ஒத்திசைவுக்குச் சான்றாக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. கூட்டம் கலைந்தால் தனி வௌவாலுக்கு நேரமே தெரியாமற் போகும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு தீவுகளின் கதைக்குச் செல்லலாம்.

நூறாண்டுக் குழப்பம்

அந்தமான் நிக்கோபார் வௌவால்களைக் கணக்கெடுக்கும் பணி ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ராணுவ மருத்துவரான ஜார்ஜ் எட்வர்ட் டாப்சன் 1872-இல் அந்தமானுக்குச் சென்றார். அங்குள்ள பழங்குடியினரைப் புகைப்படம் எடுத்ததற்காக வரலாற்றாசிரியர்கள் அவரை நினைவுகூர்கின்றனர். அவரது உண்மையான ஈடுபாடோ வௌவால்கள்மீதுதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வௌவால் தொகுப்புக்கு 1878-இல் விவர அட்டவணை எழுதியவர் அவரே. அந்தமான் குதிரைலாட வௌவாலுக்கு 1872-இல் பெயரிட்டவரும் அவரே.

அடுத்து வந்தவர் அமெரிக்கச் செல்வந்தரும் மருத்துவருமான டபிள்யூ.எல். அபாட். டெராபின் என்ற தமது பாய்மரக் கப்பலில், சி.பி. கிளாஸ் என்பவருடன் 1900-01-இல் தீவு தீவாகச் சென்று உயிரினங்களைச் சேகரித்தார். சேகரிப்பு முழுவதும் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டது. லிட்டில் நிக்கோபாரில் பிடிபட்ட சிறு இலைமூக்கு வௌவாலை ஆராய்ந்த ஜெரிட் மில்லர், அது தனி இனம் எனக் கண்டு 1902-இல் நிக்கோபாருலே என்று பெயர் வைத்தார்.

ஆனால், அந்தத் தகுதி நீடிக்கவில்லை. பின்வந்த வகைப்பாட்டாளர்கள், தென்னாசியா முழுவதும் பரவலாகக் காணப்படும் ஹிப்போசிடரோஸ் ஏடர் என்ற இனத்தின் துணையினமாக அதைச் சேர்த்துவிட்டனர். ஏடர் இனத்துக்கு 1848-இல் பெயர் சூட்டப்பட்டது கொழும்பில் கிடைத்த மாதிரியைக் கொண்டு. ஆக, பல பத்தாண்டுகளுக்கு நிக்கோபார் வௌவாலுக்குத் தனி அடையாளம் கிடையாது. கொழும்பு வௌவாலின் கிளையாகவே அது கருதப்பட்டது. கொழும்புத் துறைமுகத்துக்குப் போட்டியாகத்தான் கலத்தியா துறைமுகமே அமைக்கப்படுகிறது என்பதை நினைத்தால், இந்தப் பொருத்தம் சற்று விசித்திரமானதே.

அடையாளம் திரும்பக் கிடைத்தது 2011-இல். தாய்லாந்து, மியான்மர், இந்தியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், மியான்மரில் ஒரு புதிய இலைமூக்கு வௌவால் இனம் விவரிக்கப்பட்டது. அதே கட்டுரையில் நிக்கோபாருலே மறு ஆய்வு செய்யப்பட்டு, அது தனி இனமே என நிறுவப்பட்டது. மில்லர் 1902-இல் சொன்னதை அறிவியல் உலகம் மீண்டும் ஏற்றுக்கொள்ள 109 ஆண்டுகள் ஆயின. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான பந்தனா ஆல், தீவுகளில் வௌவால்களைத் தேடிப் பல பருவங்களைக் கழித்தவர். அவர், பிரிட்டிஷ் வல்லுநர்களான பால் பேட்ஸ், டேவிட் ஹாரிசன், மதுரை மாரிமுத்து ஆகியோருடன் சேர்ந்து தயாரித்த அந்தமான் நிக்கோபார் வௌவால்களின் பரவலும் நிலையும் பற்றிய விரிவான அறிக்கை, 2014-இல் ஓரிக்ஸ் இதழில் வெளியானது.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. சீனிவாசுலு குழுவினர் அந்தமான் தீவுகளில் மேற்கொண்ட கணக்கெடுப்பு 2017-இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக, டாப்சன் பெயரிட்டுப் பின்னர் துணையினமாகத் தாழ்த்தப்பட்டிருந்த அந்தமான் குதிரைலாட வௌவாலும் 2019-இல் தனி இனமாக மீட்கப்பட்டது. அதற்கு 147 ஆண்டுகள்!

எண்ணுவது எளிதன்று

புலியைக் கணக்கெடுக்கக் கேமரா போதும். யானையைக் கணக்கெடுக்கச் சாணம்கூட உதவும். வௌவால் கணக்கெடுப்பு வேறு வகையானது. பகலில் குகை, பாறை இடுக்கு, மரப்பொந்து, கைவிடப்பட்ட கட்டடம் ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாலையில் குகை வாயிலில் மெல்லிய வலையையோ, யாழ் நரம்புகள்போல நெருக்கமாக இழைகள் கட்டிய பொறியையோ அமைத்துக் காத்திருக்க வேண்டும். பிடிபட்ட வௌவாலின் முன்கை எலும்பை அளவுகோலால் அளந்து, மூக்கிலையின் மடிப்புகளைப் படம் எடுத்து, மரபணுச் சோதனைக்காக இறக்கைத் தோலில் ஊசித்துளையளவு எடுத்துக்கொண்டு, சில நிமிடங்களில் பறக்கவிட வேண்டும்.

இலைமூக்கு வௌவால்களில் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்புகிறது. மனிதச் செவிக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். ஸ்பியோரிஸ் ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸிலும், அதைவிடச் சிறிய இனங்கள் 150-க்கு மேலும் ஒலிக்கின்றன. உருவத்தால் பிரித்தறிய முடியாத இரு இனங்கள் ஒலியால் பிடிபட்டுவிடுவது உண்டு. அதற்கான கருவியுடன் குகை வாயிலில் நின்றால், வலை விரிக்காமலேயே உள்ளே குடியிருப்பவர் யார் என ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால், அந்தக் குகை வாயிலை அடைய வேண்டுமே! நிக்கோபார் செல்வதற்குத் தனி அனுமதி தேவை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பெரும்பகுதி காப்பு நிலம். வனத்துறை அனுமதி தனி. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையேயுள்ள 10 டிகிரி கால்வாய் ஏறத்தாழ 150 கி.மீ. அகலமுடையது, பருவமழைக் காலத்தில் கப்பல்களே தயங்கும். கடலோரக் குகைகளுக்குள் நீர் வற்றும் வேளையில்தான் நுழைய முடியும். நீர் ஏறுமுன் வெளியேறியாக வேண்டும். இதற்கிடையே, 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனது. கரையோரக் காடும் நிலமும் கடலுக்குள் சென்றன. சுனாமிக்கு முந்தைய குறிப்புகளை நம்பி இன்று அங்கு எதையும் தேட முடியாது.

வேண்டாதவை பட்டியல்

இந்த உயிரினங்களைச் சட்டம் எப்படி நடத்தியது என்பதும் கவனிக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது அட்டவணை, "தீங்குயிரிகள்" என ஒரு பட்டியலை வைத்திருந்தது. காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களும் அதில் இடம்பெற்றிருந்தன. விதிவிலக்கு, தேனி மாவட்ட மேகமலையில் 1948-இல் சேகரிக்கப்பட்டு 1972-இல் தனி இனமென அறியப்பட்ட சலீம் அலி பழந்தின்னி வௌவால். அது முதல் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்றது. இலைமூக்கு வௌவால்களோ தீங்குயிரியாகவும் இல்லை, பாதுகாக்கப்பட்டவையாகவும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவை தென்படவே இல்லை என்பதே உண்மை.

2021 டிசம்பரில் அறிமுகமான திருத்த மசோதா, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. அட்டவணைகளில் இடம்பெற வேண்டிய இனங்கள் பல விடுபட்டிருப்பதைக் குழு சுட்டிக்காட்டியது. 2022 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பர் 8-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறிய திருத்தச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தீங்குயிரிகளுக்கான தனி அட்டவணை நீக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த இந்த மாற்றம் வரவேற்கத்தக்கதே.

ஆனால், கேரளத்தில் வௌவாலைப் பற்றிய அச்சம் சட்டத்தால் தீரக்கூடியதன்று. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா பரவி, அந்த அலையில் 17 பேர் உயிரிழந்தனர். நோய் தொடங்கிய வீட்டின் கிணற்றில் பிடிக்கப்பட்ட வௌவால்களே முதலில் சோதிக்கப்பட்டன. அவை பூச்சியுண்ணிகள், நோய்க்கிருமி அவற்றில் இல்லை. பின்னர் பழந்தின்னிகளில்தான் வைரஸ் கண்டறியப்பட்டது. பத்திரிகைகள் முதற்செய்தியைப் பெரிதாகவும் இரண்டாம் செய்தியைச் சிறிதாகவும் வெளியிட்டன என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூச்சியுண்ணிக்கும் பழந்தின்னிக்கும் வேறுபாடு தெரியாத கோபம், குகை வாயில்களைப் புகைமூட்டி அடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது.

கோலார் தரும் பாடம்

ஒரே இடத்தில் மட்டும் வாழும் இலைமூக்கு வௌவாலுக்கு என்ன நேரும் என்பதற்குத் தீவுக்குப் போக வேண்டியதில்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் போதும். 1994-இல் விவரிக்கப்பட்ட கோலார் இலைமூக்கு வௌவால், ஹனுமனஹள்ளி கிராமத்திலுள்ள ஒரே ஒரு பாறைக் குகையில்தான் இப்போது எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டாது. சுற்றிலும் கருங்கல் வெட்டப்பட்டதே முக்கிய அச்சுறுத்தல். மிக அருகிய இனம் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அறிவித்த பிறகே அந்தக் குன்றுக்குக் காவல் கிடைத்தது. இலைமூக்கு வௌவால்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒருமுறை குறைந்த எண்ணிக்கை மீண்டும் பெருகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

விழிஞ்ஞம் எழுப்பும் கேள்வி

கிரேட் நிக்கோபார் திட்டத்துக்கான காட்டு நில ஒதுக்கீட்டுக்கு முதற்கட்ட ஒப்புதல் 2022 அக்டோபரிலும், சுற்றுச்சூழல் அனுமதி நவம்பரிலும் வழங்கப்பட்டன. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை உள்ளடக்கிய அதன் மதிப்பீடு அப்போது ரூ. 72 ஆயிரம் கோடி. திட்டப் பரப்பு 166 சதுர கி.மீ.; அதில் 130.75 சதுர கி.மீ. காடு. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. ஈடாக மரம் நடத் தெரிவு செய்யப்பட்ட மாநிலம் ஹரியாணா. கடலுக்கு நடுவேயுள்ள மழைக்காட்டுக்கு வட இந்தியச் சமவெளி எப்படி ஈடாகும் என்ற கேள்விக்கு, விதிகள் அனுமதிக்கின்றன என்பதைத் தவிர வேறு பதிலைக் காண முடியவில்லை.

கலத்தியா விரிகுடா சரணாலயத்தின் அறிவிக்கை 2021 ஜனவரியிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதாவது, நிக்கோபாருலே ஒரு தனி இனம் என்று உறுதியாகிப் பத்தே ஆண்டுகளில்.

திட்டத்துக்கு ஆதரவான வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. மலாக்கா நீரிணையின் வாயிலில் அமைந்த தீவு அது. இந்தியப் பெருங்கடலில் சீனாவின் நடமாட்டம் அதிகரித்துவரும் நிலையில், அங்கு விமானத் தளமும் கடற்படை வசதியும் தேவை என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சோனியா காந்தி இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்து நாளிதழில் கட்டுரை எழுதியபோது, சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அதே பாதுகாப்பு வாதத்தை முன்வைத்து மறுப்பு எழுதினார்.

ஆனால், பாதுகாப்பு வாதம் வேறு. வணிகத் துறைமுக வாதம் வேறு. இந்தியாவின் பெட்டக மாற்றுச் சரக்கில் சுமார் 75 சதவீதம் அந்நியத் துறைமுகங்களில் கையாளப்படுகிறது என்பதே கலத்தியாவுக்கு அன்று காட்டப்பட்ட வணிகக் காரணம். அதே காரணம் காட்டித்தான் குமரி மாவட்டம் இனயத்தில் துறைமுகம் அமைக்க 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது; மீனவர்களின் எதிர்ப்பால் அது நின்றுபோனது. அதே காரணம் காட்டித்தான் விழிஞ்ஞமும் கட்டப்பட்டது. பன்னாட்டுக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவில், இயற்கையாகவே ஆழமான கடலையொட்டி அமைந்த விழிஞ்ஞம், 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முதல் ஓராண்டு முடிவதற்குள்ளாகவே 10 லட்சம் பெட்டகங்களைக் கையாண்டுவிட்டது. விரிவாக்கப் பணிகளை 2028-க்குள் முடிக்கவும் திட்டம் உள்ளது.

விழிஞ்ஞமும் விலையின்றி வரவில்லை. கடலரிப்பால் வீடிழந்ததாகக் கூறி மீனவ மக்கள் 2022-இல் நான்கு மாதங்களுக்கும் மேலாகப் போராடினர். அந்த விலையை ஏற்கெனவே செலுத்தியாகிவிட்டது. அப்படியிருக்க, ஆண்டுக்கு 1.42 கோடி பெட்டகங்களைக் கையாளும் இலக்குடன் மற்றொரு துறைமுகம், அதுவும் உள்நாட்டுச் சரக்கே இல்லாத ஒரு தீவில் அவசியமா என்பதை, கலத்தியாவுக்கு அனுமதி தந்த 2022-ஆம் ஆண்டின் கணக்குகளைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அன்று விழிஞ்ஞத்தில் ஒரு சரக்குக் கப்பலும் வந்திருக்கவில்லை.

கலத்தியாவில் தொடர் கண்காணிப்புக்கு இந்திய வனஉயிரின நிறுவனம், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம் ஆகியவற்றுக்குப் பொறுப்பு அளிக்கப்பட்டுள்ளது. இவற்றில் ஆனைகட்டி மையத்துக்குத் தீவுக் குகைகள் புதியவையல்ல. உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரக் குருவிகளைக் காக்க, அதன் விஞ்ஞானி ரவி சங்கரன் அந்தமான் நிக்கோபார் குகைகளில் பல ஆண்டுகள் உழைத்தார். 2009-இல் அவர் மறைந்தார். குருவிக்காகத் திறந்த அந்தப் பாதையில், வௌவாலுக்காகவும் ஒரு குழுவை அனுப்புவது கடினமன்று.

அதற்குத் தேவைப்படுவது பெரிய தொகையுமல்ல. வலைகளும் மீயொலிக் கருவிகளும் வழிகாட்ட நிக்கோபாரிகளும் வேண்டும். வறண்ட பருவம், மழைப் பருவம் என இரண்டிலுமாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேண்டும். திட்டப் பரப்புக்குள் எத்தனை தங்குமிடங்கள் உள்ளன, அவற்றில் குட்டி வளர்க்கும் குகைகள் எவை என்ற இரு கேள்விகளுக்கு விடை கிடைத்தாக வேண்டும். மரம் வெட்டும் கோடாரி காட்டுக்குள் நுழையுமுன் அந்த இரண்டு ஆண்டுகளை ஒதுக்குவதா, இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது சுற்றுச்சூழல் அமைச்சகம்.